நீங்க எந்த ஊரு?

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறிக் கடை முன்னாடி வரிசையில நிக்கிறப்பதான் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பக்கத்துல நிக்கிற அம்மா மொதல்ல என் தாலிச் செயின பாப்பாங்க, அப்புறம் மூக்குத்திய, அப்புறம் சிரிச்சுக்கிட்டே "நீங்க எந்த ஊரும்மா?"ன்னு கேப்பாங்க. நான் இருக்கிற பேட்டை பேர, "ஈசூன்"னு சொல்லுவேன். அது தப்பான பதில்னு அவங்க மொகத்துலயே தெரிஞ்சிடும். "அது சரிம்மா, ஊர்ல எந்த ஊரு?"

நான் பொறந்தது இங்க, எங்கப்பா பொறந்ததும் இங்க. தாத்தாவோட ஊரு மன்னார்குடிக்குப் பக்கம்னு தெரியும், நான் அங்க போனது மொத்தமா ரெண்டே தடவ, ரெண்டு தடவையும் வயித்துப்போக்குல படுத்ததுதான் ஞாபகம் இருக்கு. ஆனா மன்னார்குடின்னு சொன்னாத்தான் அவங்களுக்குத் திருப்தி. "ஓ தஞ்சாவூர்ப் பக்கமா, அதான் தமிழ் இவ்ளோ நல்லா பேசுறீங்க!"

அந்தப் பாராட்டையும் கறியோட சேத்துக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வருவேன். ரயில்ல உக்காந்து யோசிச்சா மெதுவா எரிச்சல் ஏறும். சிராங்கூன் ரோட்டுல நின்னு தமிழ் பேசுனதுக்கு எனக்குப் பாராட்டு, ஏதோ வெள்ளக்காரன் மேடையில வணக்கம் சொன்ன மாதிரி. இதுல இன்னொரு கூத்து என்னன்னா, இங்க இருக்கிற பழைய ஆளுங்க யாரும் லிட்டில் இந்தியான்னு சொல்லமாட்டோம், தேக்கான்னுதான் சொல்லுவோம், அது ஹொக்கியன் பேச்சுலேருந்து வந்த பேரு, மூங்கில் தோப்புப் பக்கம்னு அர்த்தமாம். இந்த ஊர்லயே ரொம்பத் தமிழான எடத்துக்கு நாங்க வச்சிருக்கிற பேரு சீனப் பேரு. யாராவது "லிட்டில் இந்தியா போயிட்டு வந்தேன்"னு சொன்னா அவங்க இந்தப் பக்கம் வந்து ரொம்ப வருஷம் ஆகலன்னு உடனே புரிஞ்சிடும்.

தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1926லேருந்து 1973 வரைக்கும் அந்த ஒரே கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஆளுங்கள ஏத்தி ஏத்தி எறக்கியிருக்கு, எங்க வயசுக்காரங்க யார் வீட்டுல கேட்டாலும் ஒரு ரஜூலா கதை இருக்கும். வந்து எறங்குனவருக்கு செம்பாவாங் நேவல் பேஸ்ல வேலை, கப்பலோட அடிப்பக்கத்துல துரு சொரண்டி பெயிண்ட் அடிக்கணும். அங்க மலையாளிங்க, சீனருங்க, மலாய்க்காரங்க, நம்ம ஆளுங்க எல்லாரும் ஒண்ணாத்தான் வேலை செஞ்சாங்க, மேல வெள்ளக்காரன். தொரைகிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷ், மத்த எல்லார்கிட்டயும் பாசார் மலாய், சந்தையில எல்லாரும் பொழங்குற மலாய். அந்தப் பாசார் மலாயிலேருந்து வார்த்தைங்க ஒண்ணொண்ணா தாத்தாவோட தமிழுக்குள்ள குடி வந்துச்சு. மார்க்கெட் பாசார் ஆச்சு, காவக்காரன் ஜாகா ஆனான், குமாஸ்தா கிராணி, பிரம்பு ரோத்தான். "ரோத்தான எடுத்தேன்னா தெரியும்"னு அவர் சொல்றப்ப அது மலாய் வார்த்தைன்னு எனக்கு எப்படித் தெரியும், அடி வாங்குற பிள்ளைக்கு அது சுத்தத் தமிழ்.

சும்மா ஒண்ணும் கடன் வாங்கல, நம்மளும் முன்னாடியே குடுத்து வச்சிருக்கோம். மலாய்க்காரங்க கடைய கெடாய்ம்பாங்க, கட்டில காத்தில், பெட்டிய பெத்தி, வியாபாரத்துல போடுற மொதல மோடல். எங்க வீட்டுக்கு எதிர்த்த வீட்டு மலாய்ப் பாட்டிகிட்ட இத ஒரு தடவ சொன்னேன், அவங்க நம்பவே இல்ல, காத்தில் எங்களோடதுன்னு அடிச்சுப் பேசுனாங்க. சரி, நூத்துக்கணக்கான வருஷம் படுத்துக் கெடந்தா கட்டிலு அவங்களோடதுதானே.

அப்பா தமிழ்ப் பள்ளியில படிச்சார். ஆறாம் வகுப்பு முடிச்சப்ப திருக்குறள்ல பாதி தலைகீழாச் சொல்லுவாராம், பாட்டி சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாங்க. ஆனா 1968ல வெள்ளக்காரன் நேவல் பேஸ காலி பண்ணப் போறேன்னு அறிவிச்சான், 1971ல பெரும்பாலும் கெளம்பியே போயிட்டான், அப்ப வேலை தேடிப் போன எடத்துலல்லாம் அப்பாகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, இங்கிலீஷ் தெரியுமா. குறள் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்கல. அவர் இத எங்ககிட்ட கோவமா சொன்னதே கெடையாது, சாப்பிட்டுக்கிட்டே சாதாரணமாச் சொல்லுவார், எனக்குத்தான் கேக்க ஒரு மாதிரியா இருக்கும். எங்கப்பா மாதிரி எத்தன அப்பாங்க அன்னைக்கு பிள்ளைய இங்கிலீஷ் பள்ளிக்குத்தான் அனுப்பணும்ங்கற முடிவுக்கு வந்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. கடையநல்லூர்லேருந்து வந்த முஸ்லிம் மக்கள் 1946ல ஆரம்பிச்ச உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளிதான் கடைசியா நின்னு பாத்துச்சு, அதுவும் 1982ல மூடிட்டாங்க, பிள்ளைங்க இல்ல. பள்ளிய யாரும் பூட்டு போட்டு விரட்டல, பெத்தவங்கதான் பிள்ளைய வேற பள்ளியில சேத்தாங்க. எங்கப்பாவும் அதத்தான் செஞ்சார், அவரத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரல.

நான் ஒண்ணாம் வகுப்பு சேந்தது 1987. எல்லாப் பள்ளியிலயும் இங்கிலீஷ்தான் மொத மொழின்னு ஆன வருஷம் அது. கணக்கு, அறிவியல் எல்லாம் இங்கிலீஷ்ல, தமிழ் மட்டும் தாய்மொழிப் பாடம். எங்க ஸ்கூல்ல தமிழ் படிக்கிற பிள்ளைங்க பத்துப் பேரு கூட இல்ல, மத்தப் பிள்ளைங்க சீன வகுப்புல உக்காந்திருக்கிறப்ப எங்கள கேண்டீன் பக்கத்துல இருந்த சின்ன அறையில உக்கார வைப்பாங்க. மீ கோரேங் நூடுல்ஸ் வாசனையோடதான் நான் ஆத்திசூடி படிச்சேன்.

இங்க தாய்மொழின்னா அம்மா பேசுற மொழி இல்லங்கறத வெளியூர்க்காரங்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். அது ஸ்கூல் ஃபாரத்துல எழுதுற மொழி. பிள்ளையோட இனம் இந்தியர்னா தமிழ் எடுக்கலாம், இல்ல இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது. என்னோட படிச்ச ஒரு மலையாளப் பொண்ணு வீட்டுல மலையாளம் பேசும், கடையில மலாய் பேசும், பரீச்சைக்குத் தமிழ் எழுதும், என்னை விட அதிக மார்க் வாங்கும்.

சரி, இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வரேன். என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்காரர், 2006ல எஸ் பாஸ்ங்கற வேலை அனுமதியில வந்தவர். வந்த மொத வாரம் கோப்பிக் கடையில நம்ம ஊர்ப் பாட்டி ஒருத்தங்க சாப்பாட்டக் குடுத்துட்டு "மூணு வெள்ளி தம்பி"ன்னாங்களாம், இவரு என்னடா மூணு வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்றாங்களான்னு முழிச்சிருக்கார். டாலர நாங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம், அதுக்குக் கீழ காசு. வெள்ளி காசு பொழங்குன காலத்துல வந்தவங்க வாய்ல இருந்தது, நோட்டு வந்தாலும் பேரு மாறல. தமிழ்நாட்டுல வெள்ளிங்கற வார்த்தை நகைக்கடைக்கும் காலண்டருக்கும் போயிடுச்சு, இங்க இன்னும் கல்லாவுல இருக்கு.

கல்யாணமான புதுசுல இதெல்லாம் விளையாட்டா இருந்துச்சு. விளையாட்டா இல்லாம போனது ஒரு தீபாவளி அன்னைக்கு. அவரோட ஃப்ரெண்டு வீடு, காண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி, பத்துப் பதினஞ்சு குடும்பம், எல்லாருமே கடந்த இருபது வருஷத்துல சென்னை கோயமுத்தூர்லேருந்து வந்தவங்க, நான் ஒருத்திதான் லோக்கல். சாப்பாடு நெறைய மிச்சம், நான் அந்த வீட்டம்மாகிட்ட "கொஞ்சம் பொங்குஸ் பண்ணிக்கவா?"ன்னு கேட்டேன். கட்டி எடுத்துக்கிறதுக்கு நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ஒரு நண்பர் "பொங்கு... என்னது?"ன்னு கேட்டு சிரிச்சார், அப்புறம் நாலஞ்சு பேரு சிரிச்சாங்க, "சிங்கப்பூர்த் தமிழ் செம காமெடி இல்ல"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, நான் ரசிக்கணும்னுதான். அதே நண்பர் கெளம்புறப்ப எங்ககிட்ட சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு: "நெக்ஸ்ட் வீக்கெண்ட் எங்க பிளேஸ்ல ஒரு ஸ்மால் கெட் டுகெதர் பிளான் பண்ணிருக்கோம், ஃப்ரீயா இருந்தா ஷ்யூரா ஜாயின் பண்ணுங்க." லிஃப்ட்ல எறங்குறப்ப நான் விரல் விட்டு எண்ணுனேன். எங்க, ஒரு, இருந்தா, ரெண்டு தடவ பண்ணு. அவ்ளோதான் அதுல தமிழ்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவரு "அது வேற, இங்கிலீஷ் எல்லாரும் கலந்துதான பேசுறாங்க"ன்னார். எனக்கு அந்த "அது வேற"தான் இன்னைக்கு வரைக்கும் தொண்டையில நிக்குது. துரு சொரண்டுன ஆளு பக்கத்து மலாய்க்காரன்கிட்ட வாங்குன வார்த்தை காமெடி, ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட வாங்குன வார்த்தை சாதாரணம். கலக்காத தமிழ் எங்கயும் கெடையாது, யாரோட கலப்புக்கு யாரு வெக்கப்படணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. என் தாத்தா வெக்கப்படல, அவருக்கு நேரமில்ல. அப்பா தமிழ் மட்டும் தெரிஞ்சதுக்கு வெக்கப்பட்டார். நான் என்னோட தமிழ் ஊர்த்தமிழ் மாதிரி இல்லன்னு வெக்கப்பட்டேன், ஒத்துக்கிறேன், கல்யாணத்துக்கப்புறம் ஒரு நாலஞ்சு வருஷம் அவங்க முன்னாடி பொங்குஸ பார்சல் ஆக்கிட்டேன், கோப்பிய காபி ஆக்கிட்டேன். பார்சல் என்னவோ சங்க காலத்து வார்த்தை மாதிரி.

அந்த வெக்கம் என்னை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு ஒரு நாள் தெரிஞ்சுது. ஈசூன் ஸ்டேஷன்ல ஒரு ஞாயித்துக்கெழம, டிக்கெட் மெஷின் பக்கம் ஒரு தம்பி நின்னுக்கிட்டு இருந்தான், இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு, பாத்தாலே கட்டுமான வேலைக்கு வந்த பிள்ளைன்னு தெரியும். "அக்கா, தேக்கா எப்படிக்கா போறது?" நல்லாக் கவனிங்க, அவன் தேக்கான்னு சொன்னான், கூட வேலை செய்யிற பழைய ஆளுங்ககிட்ட கத்துக்கிட்டிருப்பான். நான் வாயத் தொறந்தேன், இங்கிலீஷ் வந்துச்சு. "டேக் த ரெட் லைன், சேஞ்ச் அட் நியூட்டன்..." யோசிச்சுச் செஞ்சதில்ல, வாய் தானாப் பேசிடுச்சு. அவன் மொகம் சட்டுன்னு சுருங்கிப் போச்சு, "சாரி மேடம்"னு ரெண்டடி பின்னாடி போனான். அக்காவா இருந்தவ ஒரு வரியில மேடம் ஆயிட்டேன். அப்புறம் ஓடிப் போயி "தம்பி, தம்பி, செவப்பு லைன் ஏறி நியூட்டன்ல எறங்கு, நீல லைன் மாறு, அடுத்த ஸ்டேஷன்தான்"னு சொன்னேன். அவன் தலைய ஆட்டுனான், மறுபடியும் அக்கான்னு சொல்லல.

நான் அவன்கிட்ட ஏன் இங்கிலீஷ் பேசுனேன்னு பல தடவ யோசிச்சிருக்கேன். தமிழ் பேசுற ஆளுன்னா யாருன்னு இந்த ஊரு ஒரு படம் வச்சிருக்கு, நானும் அந்தப் படத்துல விழுந்துடக்கூடாதுன்னு பயந்திருக்கேன், அவ்ளோதான். ஆபீஸ்ல சீனப் பொண்ணுங்க என்னை லோக்கல்னு நம்பணும், அதுக்கு இங்கிலீஷ் வாக்கியத்துக்குக் கடைசியில இந்த ஊரு லா போட்டுப் பேசணும், காண்டோ வீட்டுல தமிழச்சின்னு நம்பணும், அதுக்கு லா இல்லாமப் பேசணும். ஒரே நாள்ல ரெண்டையும் செஞ்சிட்டு வீட்டுக்கு வந்தா பேசுறதுக்கே தெம்பு இருக்காது.

2020 கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்ல 48.3 சதவீதம் பேரு வீட்டுல அதிகமாப் பேசுறது இங்கிலீஷ், தமிழ் 2.5 சதவீதம். பத்து வருஷம் முன்னாடி இங்கிலீஷ் 32.3தான் இருந்துச்சு. இந்த நம்பர் வந்தப்ப தமிழ் அழியுதுன்னு வாட்ஸ்அப்ல ஒரே ஒப்பாரி. எனக்கு அந்த ஒப்பாரி பிடிக்காது, நோட்டுல தமிழ் இருக்கு, ஸ்டேஷன்ல தமிழ் இருக்கு, நாடாளுமன்றத்துல தமிழ்ல பேசலாம், ஏப்ரல் மாசம் பூரா தமிழ் விழா நடக்குது, 1935ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்ச தமிழ் முரசு பேப்பர் இன்னைக்கும் வருது, எங்கப்பா போனுல படிக்கமாட்டேன்னு அடம் பிடிச்சு தாள்லதான் படிக்கிறார். அட, இணையத்துல மொத மொத தமிழ் ஏறுனதே இங்கேருந்துதான்னு சொல்லுவாங்க, தேசியக் கல்விக் கழகத்துல இருந்த நா. கோவிந்தசாமி 1995ல செஞ்ச வேலை, அதிபர் ஓங் தெங் சியோங் திறந்து வச்ச கவிதைத் தளத்துல இருந்த நாலு மொழியில தமிழும் ஒண்ணு. ஊருல பெரிய பெரிய ஆளுங்க கம்ப்யூட்டர்ல தமிழ் வருமான்னு கேட்டுக்கிட்டு இருந்த காலம் அது. அதனால எழுத்துக்கு இங்க கொறச்சல் இல்ல. சோத்துக்கு முன்னாடி உக்காந்து பேசுற தமிழுக்குத்தான் கொறச்சல்.

அது எனக்கு மகன் மூலமாத்தான் ஒறைச்சுது. அவன் இப்ப நாலாம் வகுப்பு. வாய்மொழித் தேர்வுக்காக டியூஷன் அனுப்புறோம், பேரெல்லாம் வேணாம், டீச்சர் நல்லவங்கதான், அக்கறையானவங்க. ஒரு படத்தக் காட்டி என்ன நடக்குதுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. உணவங்காடி, ஒரு பெரியவர் காலையில சாப்பிடுறார். இவன் என்னைக்கோ ஒரு நாள் வாயத் தொறந்து முழுசா ஒரு வாக்கியம் தமிழ்ல சொல்லியிருக்கான்: "அந்தத் தாத்தா கோப்பிக் கடையில பசியாறிக்கிட்டு இருக்காரு." எங்கம்மா வீட்டுல வளந்த பிள்ளை, தினமும் காதுல விழுற வார்த்தை அது. நோட்டுல செவப்பு மையில ஒரு கோடு, பக்கத்துல கொச்சைன்னு எழுதி, கீழ "காலை உணவு உண்டுகொண்டிருக்கிறார்".

கார்ல வர்றப்ப கேட்டான், "அம்மா, பசியாறு இஸ் அ பேட் வர்ட் ஆ?"

எனக்கு வந்த கோவத்துக்கு டீச்சருக்கு நீளமா ஒரு மெசேஜ் டைப் பண்ணேன். 2005லயே தமிழ்ப் பாடத்திட்டத்த மறுபடி பாத்த குழு, பிள்ளைங்களுக்குப் பேச்சுத் தமிழையும் வகுப்புல சொல்லிக் குடுக்கணும்னு சொல்லியாச்சு, அதுக்கப்புறமும் இப்படியான்னு. அப்புறம் அழிச்சிட்டேன். அவங்க ஊர்லேருந்து வந்து மூணு வருஷந்தான் ஆகுது, பரீச்சையில மார்க் போகக்கூடாதேன்னு அவங்க பயம், அந்த டியூஷனுக்குக் காசு கட்டுற நானும் அதே மார்க்குக்குத்தான கட்டுறேன். ஆனா அன்னையிலேருந்து அவன் எங்கம்மாகிட்டயும் அந்த வார்த்தைய சொல்றதில்ல. "பசியாறிட்டியாய்யா?"ன்னு அம்மா கேட்டா "ஏட் ஆல்ரெடி"ங்கறான். தப்பாச் சொல்றத விட சொல்லாம இருக்கிறது சேஃப்னு பத்து வயசுல கண்டுபிடிச்சிட்டான், எனக்கு அதுக்கு முப்பது வயசு ஆச்சு.

ஞாயித்துக்கெழம காலையில புதுக்கோட்டைக்கு வீடியோ கால் போடுறது எங்க வீட்டு வழக்கம். என் மாமியாருக்கு எழுவத்தி நாலு வயசு, ஃபோன காதுல வச்சுக்கிட்டுதான் பேசுவாங்க, அதனால பாதி நேரம் அவங்க காதுத் தோடுதான் நமக்குத் தெரியும். போன மாசம் ஒரு நாள் பேரன்கிட்ட "என்னய்யா சாப்ட்டியா?"ன்னு கேட்டாங்க. அவன் "ஏட் ஆல்ரெடி"ன்னான். "என்னது? ஒண்ணும் வெளங்கல"ன்னாங்க. அவன் எங்களப் பாத்தான், டியூஷன் நோட்டு ஞாபகம் வந்திருக்கும் போல, நிமிந்து உக்காந்து, "காலை உணவு உண்டுவிட்டேன் அப்பாயி"ன்னான்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் ஒரு சிரிப்பு, தோடு ஆடுற ஆட்டத்துல ஸ்க்ரீனே கலங்கிப் போச்சு. "ஏலேய், ரேடியோல சேதி வாசிக்கிறவன் மாதிரி பேசுறான்டா உன் மகன்!" இவனுக்கு மொகம் செவந்து போச்சு. நான் ஃபோன வாங்கிடலாம்னு கைய நீட்டுனேன். அதுக்குள்ள அவன் கொரல எறக்கி, ஏதோ திருடுற மாதிரி, "பசியாறிட்டேன்"ன்னான்.

"என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"பசியாறிட்டேன்."

"அட! இத எங்கய்யா புடிச்ச? எங்க ஆத்தா இப்படித்தான் கேக்கும். அதுக்கப்புறம் எங்க தெருவுல ராவுத்தர் வீட்டம்மா சொல்லும், இப்ப ஒருத்தரும் சொல்றதில்ல, எல்லாம் டிபன் ஆயிப்போச்சு." அப்புறம் அவங்க ஆத்தா கதை, ராவுத்தர் வீட்டுப் பிள்ளைங்க மலேயாவுக்குக் கப்பலேறுன கதை, ராவுத்தரம்மா நோம்புக் கஞ்சி குடுத்துவிடுற கதைன்னு இருபது நிமிஷம் ஓடிச்சு. அவனுக்குப் பாதி புரிஞ்சிருக்காது. ஆனா ஃபோன கீழ வைக்கல.

அடுத்த ஞாயிறு ஃபோன எடுத்தவுடனே அவங்க கேட்டதே, "என்னய்யா, பசியாறிட்டியா?"

"பசியாறிட்டேன் அப்பாயி. பிராட்டா."

"புரோட்டாவா? காலங்காத்தாலயா?"

"நோ அப்பாயி, புரோட்டா இல்ல. பிராட்டா."

"அதான்டா, புரோட்டா."

"இல்ல அப்பாயி, பி-ராட்-டா. எக் போட்டு. வித் மீன் கறி."

வீட்டுக்காரர் இது ரெண்டும் ஒண்ணுதான்னு வெளக்கம் சொல்ல எந்திரிச்சார். நான் அவரு சட்டையப் புடிச்சு உக்கார வச்சேன்.